தொற்றும் ஊரும் காயும் ஊரும்: திருத்தணியை முன்வைத்துப் பயணியர் மலேரியாத் தற்காப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பயணத்தில் தொற்றும் மலேரியா தொற்றிய ஊரில் வெளிப்படுவது அரிது. கொசு கடித்துக் குறைந்தது ஏழு நாள் கழித்தே காய்ச்சல் தோன்றும். அதற்குள் பயணி வீடு திரும்பிவிடுகிறார். நோய் வேறோர் ஊரின் நோயாகப் பதிவாகிறது. இந்தக் கால இடைவெளியே பயணியருக்கான மலேரியாத் தற்காப்பைத் தனி வரலாறு உடையதாக்குகிறது என்பதைத் திருத்தணி மலைக்கோயில் யாத்திரை, நீலகிரியின் சீகூர்க் கணவாய், இன்றைய ஆப்பிரிக்கச் சஃபாரிச் சுற்றுலா ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மலேரியா, முறைக்காய்ச்சல், திருத்தணி, யாத்திரை, கொயினா, சீகூர், சஃபாரி

முன்னுரை

திருத்தணிக் குன்று உயர்ந்த மலையன்று. அடிவாரத்திலிருந்து கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது வழக்கு. குன்றின் அடியில் சரவணப் பொய்கை, ஊரை ஒட்டி நந்தியாறு, சுற்றிலும் ஏரிப்பாசன வயல்கள். ஆடிக் கிருத்திகைக்குத் தமிழகத்தின் வடமாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் காவடியோடு வரும் கூட்டம் பொய்கையில் நீராடி மலையேறும். டிசம்பர் 31 அன்று நடைபெறும் படித்திருவிழா, வள்ளிமலைச் சுவாமிகளால் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கத்திற்கு வந்தது. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளை அதிகாரிகளைக் கண்டு வாழ்த்துவதற்கு மாற்றாக முருகனைச் சென்று காண்பது அதன் நோக்கம். இவ்விரு விழாக்களிலும் யாத்திரிகர் பலர் இரவைச் சத்திரத் திண்ணையிலோ தெருவிலோ படிக்கட்டிலோ கழிக்கின்றனர். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பது.

யாத்திரை நோய்களைப் பற்றிய ஆய்வுகள் பெரிதும் வாந்திபேதியையே மையமாகக் கொண்டவை. 1867ஆம் ஆண்டு ஹரித்துவார் கும்பமேளாவை அடுத்துப் பரவிய வாந்திபேதி, குடியேற்ற அரசின் கண்களைத் திருவிழாக் கூட்டத்தின் பக்கம் திருப்பியது. தண்ணீர், கழிப்பிடம், தடுப்பூசி என்று விழாக்காலச் சுகாதார நடைமுறைகள் உருவாயின. இக்கவனத்தில் காய்ச்சலுக்கு இடம் இல்லாமற் போனதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அன்று. வாந்திபேதி ஓரிரு நாளில் விழாக்களத்திலேயே ஆளை வீழ்த்தும். பிணம் அதிகாரியின் கண்முன் கிடக்கும். மலேரியாவோ விழா முடிந்து, பந்தல் பிரித்து, யாத்திரிகர் தம் ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும் வேளையில் குளிரோடு வரும். அதனைத் திருத்தணியோடு இணைத்துப் பார்க்க எவருக்கும் காரணம் இராது.

இருப்புப்பாதை இந்த இடைவெளியை மேலும் அகலமாக்கியது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாக வடமேற்கே சென்ற சென்னை இருப்புப்பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது; திருத்தணி அந்தப் பாதையில் அமைந்த நிலையம். பல நாள் நடந்து வந்து பல நாள் நடந்து திரும்பிய காலத்தில் காய்ச்சல் வழியிலேயே கண்டிருக்கக்கூடும். அப்போது யாத்திரையையும் நோயையும் சேர்த்து நினைக்க வாய்ப்பு இருந்தது. புகைவண்டி ஏறி மறுநாளே வீடு சேர்ந்தவருக்கு அந்த வாய்ப்பும் போயிற்று.

நிலத்தின் நோய்

பயணியரைத் தாக்கும் காய்ச்சல் நிலத்தின் இயல்பால் வருவது என்னும் கருத்து தமிழ் மரபில் பழையது. ஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது உடன் வந்த அடியாரைக் குளிர்ச்சுரம் பற்றியதாகவும் அதனை நீக்கத் திருநீலகண்டப் பதிகம் பாடியதாகவும் சேக்கிழார் உரைக்கிறார். பனிக்காலத்தில் அந்நாட்டில் தோன்றுவதாகவே அப்பிணி அங்குச் சொல்லப்படுகிறது. இதனை மலேரியா என்று அறுதியிட்டுக் கூறுவோர் உளர். 7ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சியை 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தின் வழி நோயறிதல் செய்வது பொருந்தாது. கவனிக்கத்தக்கது வேறு: மலையை ஒட்டிய ஊர், மழை கழிந்த பருவம், வெளியூரிலிருந்து வந்து தங்கிய கூட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூறப்படுகின்றன. பின்னாளில் மலேரியா ஆய்வாளர் தேடிய மூன்று செய்திகளும் இவையே.

திருத்தணியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத காஞ்சிபுரத்தில் சுரகரேசுவரர் கோயில் இருக்கிறது. சுரத்தை நீக்குபவன் என்பதே இறைவன் பெயர். மூன்று தலையும் மூன்று காலும் உடைய சுரதேவர் வடிவம் சிவாலயங்கள் பலவற்றில் காணப்படுகிறது. மிளகு ரசம் படைத்து வழிபடுவது இன்றும் நிகழ்வது.

திருத்தணிக்கு உரிய சான்று அருணகிரிநாதரிடம் கிடைக்கிறது. இத்தலத்துத் திருப்புகழ் ஒன்று இருமல், முயலகன், வாதம், நீரிழிவு, ஓயாத தலைவலி, சோகை, பெருவயிறு, சூலை எனப் பிணிகளை அடுக்கி, இவை பிறவிதோறும் வருத்தாதிருக்க வேண்டுகிறது. நோய் தீர்க்கும் பாடலாக இன்றும் ஓதப்படும் இதன் பட்டியலில் சுரம் தனித்துப் பெயர் சுட்டப்படவில்லை. சோகையும் பெருவயிறும் சேர்ந்து வருவதைக் கண்டு, நாட்பட்ட மலேரியாவில் இரத்தம் குறைந்து மண்ணீரல் வீங்கிய உடலை இதில் காண ஆவல் எழுவது இயல்பே. மலேரியா ஆய்வாளர் சிறுவரின் மண்ணீரல் வீக்கத்தைக் கொண்டே ஓர் ஊரின் நோய்ச்செறிவை அளந்தனர் என்பதும் உண்மை. ஆயினும் சித்த மருத்துவத்தில் பெருவயிறு என்பது மகோதரத்தைக் குறிக்கும். அதற்குக் காரணங்கள் பல. பாடலை மருத்துவ அறிக்கையாக்குவதைவிட, யாத்திரைத் தலம் நோய் தீரும் இடமாக மட்டுமே மனத்தில் பதிந்திருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே தகும். தீர்க்க வந்த இடத்திலேயே நோய் தொற்றலாம் என்னும் எண்ணத்திற்கு அந்த மனத்தில் இடம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

சீகூரில் ராஸ்

மலையே காய்ச்சலின் இருப்பிடம் என்னும் நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடமும் வேறு வடிவில் இருந்தது. மலேரியா என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்றைக் குறிப்பது. உதகமண்டலம் போன்ற உயர்மலை உடல்நலத்திற்கு உகந்தது, மலையடிவாரக் காடு கொடியது என்று அவர்கள் பிரித்தனர். இப்பிரிவு அனுபவத்தில் சரியானது. கூறிய காரணம் தவறானது. வயநாடும் நீலகிரியின் வடசரிவும் காய்ச்சலுக்குப் பெயர்பெற்றவை. வேட்டைக்குச் சென்ற அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் அங்கு இரவு தங்க அஞ்சினர்.

1897ஆம் ஆண்டுக் கோடையில் விடுப்பில் உதகை வந்த இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், மலேரியாவைத் தேடிச் சீகூர்க் கணவாய்க்கு இறங்கினார். கொயினா உட்கொண்டு வந்தும் அவரே காய்ச்சலில் விழுந்தார். உடல் தேறிச் செகந்திராபாத் திரும்பியவர், அவ்வாண்டு ஆகஸ்டு 20 அன்று அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். செகந்திராபாத் நிகழ்ச்சி பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. சீகூர் நிகழ்ச்சி பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நிற்கிறது. பயணியரின் தற்காப்பு வரலாற்றில் அதற்கே கூடுதல் மதிப்பு உண்டு. மலேரியாவைப் பற்றி அந்நாளில் மிக அதிகமாகச் சிந்தித்துக்கொண்டிருந்த ஒருவரையே, கையில் மருந்து இருந்தும், காட்டோர விடுமுறை வீழ்த்தியது. அதே சீகூர்ப் பீடபூமியில்தான் இன்று மசினகுடியும் முதுமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லையும் உள்ளன. காட்டுலா வண்டிகள் அங்கிருந்தே புறப்படுகின்றன.

மலையடிவார ஓடைகளின் தெளிந்த மெல்லோட்டத்தில் அனாபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் முட்டையிடுகிறது. சமவெளியில் அந்த இடத்தை அனாபிலிஸ் கியூலிசிஃபேசீஸ் எடுத்துக்கொள்கிறது. மழை ஓய்ந்தபின் ஆற்றுமணலில் தேங்கும் குட்டை, வாய்க்கால், பாசனக் கிணறு ஆகியவை அதன் வளர்ப்பிடம். சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்வது அனாபிலிஸ் ஸ்டீபென்சை. எனவே திருத்தணிக்குச் செல்பவர் அஞ்ச வேண்டியது குன்றின் காற்றையன்று. உதகையின் உயரம் தரும் குளிர்க்காப்பு இக்குன்றுக்கு இல்லை. அதன் உச்சியும் அடியும் கொசுவுக்கு ஒன்றே. தமிழகத்தின் மலேரியாப் பதிவுகளில் நெடுங்காலம் பெரும்பங்கு சென்னை மாநகருடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கமான அச்சம் தலைகீழாகிறது. நகரத்திலிருந்து வரும் யாத்திரிகரே இரத்தத்தில் கிருமியைச் சுமந்து வந்து அடிவாரக் கொசுவுக்குக் கொடுப்பவராகவும் இருக்கலாம்.

கொயினாவும் அதைப் பெற்றவரும்

வருமுன் மருந்து உண்ணும் வழக்கம் ஆப்பிரிக்கப் பயணத்தில்தான் உறுதிபெற்றது. 1841இல் நைஜர் ஆற்றில் சென்ற ஆங்கிலேயக் குழுவினருள் பெரும்பாலோரைக் காய்ச்சல் பற்றியது, பலர் இறந்தனர். 1854இல் அதே ஆற்றில் சென்ற பைக்கியின் குழு நாள்தோறும் கொயினா உண்டது. காய்ச்சலால் ஒருவரும் இறக்கவில்லை. லிவிங்ஸ்டன் கொயினாவோடு பேதி மருந்துகளைக் கலந்து உருட்டிய மாத்திரைகளை எடுத்துச் சென்றார். எனினும் அவர் மனைவி 1862இல் சாம்பசி ஆற்றங்கரையில் காய்ச்சலால் இறந்தார். (சஃபாரி என்பது சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் பொதுச்சொல், அரபு மூலம் உடையது. வேட்டை, விலங்கு என்ற பொருளெல்லாம் பின்னர் ஏறியவை.)

சென்னை மாகாணத்திற்கும் இந்த மருந்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிளமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொணரச் செய்த சிங்கோனாக் கன்றுகள் 1860 முதல் நீலகிரியில் மெக்கைவரின் பொறுப்பில் நடப்பட்டன. தொட்டபெட்டா, நடுவட்டம், பைக்காரா ஆகிய இடங்களில் தோட்டங்கள் வளர்ந்தன. சிங்கோனாப் பட்டையின் பல்வேறு காரச்சத்துகளுள் எது காய்ச்சலைத் தணிக்கிறது என ஆராய 1866இல் சென்னையில் குழு அமைந்தது. கொயினா மட்டுமின்றி மற்றவையும் பயன்தருவன என்று அந்த ஆய்வு காட்டியது. நீலகிரியில் பெருகிய செம்பட்டையில் கொயினாச் சத்து குறைவு, மற்றவை மிகுதி என்பதால் இம்முடிவு அரசுக்கு உகந்ததாகவும் இருந்தது. விலைமிக்க தூய கொயினா ஒரு பக்கமும், கலப்புக் காரச்சத்துகளால் ஆன மலிவுச் சிங்கோனாப் பொடி மறுபக்கமும் என மருந்தே இரண்டு தரமாயிற்று. வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களில் சிறு பொட்டலமாகக் கொயினா விற்கும் முறை வந்தது. பின்னர் பிற மாகாணங்களுக்கும் பரவியது.

பொட்டலக் கொயினா காய்ச்சல் வந்தபின் உண்பதற்கானது. வருமுன் நாள்தோறும் உண்பது படைவீரர், அதிகாரி, வேட்டைக்காரர் ஆகியோரின் வழக்கமாகவே நின்றது. வேட்டை முகாமில் துரைக்குக் கொசுவலை கட்டியவர், கூடாரம் சுமந்தவர், காடு கலைத்து விலங்கை விரட்டியவர் ஆகியோர் உள்ளூரார்; அவர்களுக்குக் காய்ச்சல் பழகிவிட்டது என்பது ஆளுவோரின் எண்ணம். நோய்ச்செறிவு மிக்க நிலத்தில் சிறுவயது முதல் தொற்றுக்கு ஆளானவர் ஓரளவு தாங்கும் ஆற்றல் பெறுவது மெய்யே. அந்த ஆற்றல் எத்தனை குழந்தைகள் இறந்தபின் எஞ்சியவரிடம் மிஞ்சியது என்பது அக்கணக்கில் சேரவில்லை. சமவெளியிலிருந்து கூலிக்குச் சென்றவருக்கோ அந்த ஆற்றலும் இல்லை.

சுவரும் சுவரற்றவரும்

20ஆம் நூற்றாண்டில் தற்காப்பு உடலிலிருந்து வீட்டிற்கு மாறியது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து புதிய பாசனம் பெற்ற பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா பெருகியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அங்கு ஆய்வு நடத்தினார். வீடுகளுக்குள் பைரீத்திரம் தெளித்து வளர்ந்த கொசுவைக் கொல்வது சிற்றூரிலும் இயலும் என்று அக்காலத்துச் சோதனைகள் காட்டின. இரண்டாம் உலகப்போருக்குப்பின் டி.டி.டி. வந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் நோயுற்று எட்டு லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1960களின் நடுப்பகுதியில் ஆண்டு எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சரிந்தது. இத்தகைய வீழ்ச்சி பொதுநல வரலாற்றில் அரிது. 1976இல் எண்ணிக்கை மீண்டும் அறுபத்து நான்கு லட்சத்தைக் கடந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

டி.டி.டி. செயற்படும் முறையை இங்குக் கருத வேண்டும். இரத்தம் குடித்த கொசு வீட்டுச் சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கிறது. சுவரில் படிந்த நஞ்சு அதனைக் கொல்கிறது. சுவர் உள்ளவருக்கே இந்தக் காப்பு. ஆடிக் கிருத்திகை இரவில் திருத்தணித் தெருவில் துண்டை விரித்துப் படுத்தவருக்குச் சுவர் இல்லை. காட்டு முகாமில் கூடாரத்தில் படுத்தவருக்கும் இல்லை. சாலைப்பணிக்கும் அணைக்கட்டுக்கும் சென்று குடிசை போட்ட கூலிக்காரருக்கும் இல்லை. நிலைகுடியினரைக் கணக்கிட்டு வீடு வீடாகச் சென்ற பெருந்திட்டம், வீட்டை விட்டு நகர்ந்தவரைத் தன் அமைப்பின் காரணமாகவே தவறவிட்டது. அவருக்குப் பொருந்தும் கருவி, உடன் எடுத்துச் செல்லக்கூடிய கொசுவலைதான். பூச்சிமருந்து ஊட்டிய நெடுங்கால வலைகள் சுவரின் நஞ்சைத் துணிக்கு மாற்றியவை என்று அவற்றைப் பொருள்கொள்ளலாம்.

இன்றைய சஃபாரிப் பயணியர்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கென்யாவிற்கும் தான்சானியாவிற்கும் விலங்கு காணச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வரலாற்றின் அண்மைக் கண்ணி. 2022இல் உலகில் 24.9 கோடி மலேரியாத் தொற்றுகளும் 6.08 லட்சம் இறப்புகளும் நிகழ்ந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. தொற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஆப்பிரிக்க வட்டாரத்தில். அங்குப் பரவலானது உயிர்பறிக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். ‘நாம் பார்க்காத கொசுவா’ என்னும் சொல்லில் மருத்துவ உண்மை இல்லை. சென்னையில் பெரிதும் காணப்படுவது வைவாக்ஸ் வகை. அதற்கு ஆளானவருக்கும் ஃபால்சிபாரத்திலிருந்து காப்பு இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவரேகூடப் பிறநாட்டில் ஆண்டுகள் பல வாழ்ந்து திரும்பினால் பழைய தாங்குதிறனைப் பெரிதும் இழந்திருப்பர்.

இந்திய அரசின் மலேரியா மருந்துக் கொள்கை பயணியருக்கு இரண்டு வழி கூறியுள்ளது. ஆறு வாரத்திற்குக் குறைந்த பயணமாயின் பெரியவர் நாள்தோறும் 100 மில்லிகிராம் டாக்சிசைக்கிளின், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கித் திரும்பிய பின்னும் நான்கு வாரம். அதற்கு மேற்பட்ட தங்கலாயின் வாரம் ஒருமுறை 250 மில்லிகிராம் மெஃப்ளோக்குவின், இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்கித் திரும்பியபின் நான்கு வாரம். கருவுற்றோருக்கும் எட்டு வயதிற்குட்பட்ட சிறார்க்கும் டாக்சிசைக்கிளின் ஆகாது. வலிப்போ மனநோயோ உடையவர்க்கு மெஃப்ளோக்குவின் ஆகாது. ஆகவே மருந்தைத் தேர்வது மருத்துவரின் வேலை. இவற்றோடு அந்திக்குப்பின் முழுக்கை ஆடை, தோலில் பூசும் கொசுவிரட்டி, மெத்தைக்கு அடியில் செருகிய வலை ஆகியவையும் வேண்டும். விலங்கு பார்க்கும் காலைப்பொழுதைவிட, முகாம் நெருப்பைச் சுற்றி அமரும் முன்னிரவே கொசுவின் பொழுது.

திரும்பியபின் நான்கு வாரம் என்பது பயணிகள் பெரிதும் கைவிடக்கூடிய பகுதி, பயணம் முடிந்துவிட்டதல்லவா? காரணத்தை 1948இல் ஷார்ட்டும் கார்னமும் வெளிப்படுத்தினர். கொசுவிலிருந்து வந்த கிருமி முதலில் கல்லீரலில் மறைந்து வளர்ந்தே இரத்தத்திற்கு வருகிறது. மேற்கண்ட மருந்துகள் இரத்தத்தில் வந்த கிருமியையே கொல்வன. கடைசி நாள் இரவில் கடித்த கொசுவின் கிருமி, பயணி சென்னை வந்திறங்கும்போது கல்லீரலில்தான் இருக்கும். வைவாக்ஸ் கிருமி அங்கு மாதக்கணக்கில் உறங்கியும் எழும். நோயின் கால இடைவெளி மருந்துச் சீட்டில் நான்கு வாரமாக எழுதப்பட்டிருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும். மலேரியாவிற்கு அத்தகைய வாயில் இல்லை. இலங்கை வேறு வழியில் சென்றது. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரை இழந்த அந்நாடு, 1963இல் 17 தொற்று என்னும் நிலைக்கு இறங்கி, கண்காணிப்பைத் தளர்த்தியபின் மீண்டும் நோயில் சிக்கியது. 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றபின் அதன் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் வேலை பெரிதும் பயணியரைப் பற்றியதாயிற்று. நோயுள்ள நாடுகளுக்குச் செல்வோருக்குத் தடுப்பு மாத்திரை அரசாலேயே வழங்கப்படுகிறது. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் திரும்பிக் காய்ச்சல் கண்டோரின் இரத்தம் சோதிக்கப்படுகிறது. யாத்திரிகரையும் சுற்றுலாப் பயணியையும் ஒரே வரிசையில் வைத்த நடைமுறை இது.

பதிவேடுகளை வாசிக்கும் முறை

திருத்தணியின் நோய்வரலாற்றை எழுதப் புகுவோர் எல்லைக்கோட்டை மறக்கலாகாது. கார்வேட்டிநகரம் சமீன் பகுதியாக வட ஆர்க்காட்டில் இருந்த இவ்வூர் 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. படாஸ்கர் பரிந்துரையை அடுத்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்திற்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி இரண்டாண்டு கழிந்திருந்த வேளையில் இந்த மாற்றம் நேர்ந்தது. ஆதலால் ஒரே குன்றின் காய்ச்சற் கணக்கு நான்கு மாவட்டங்களின் பெயரில், இரு மாநிலங்களின் ஏடுகளில் பிரிந்து கிடப்பது. அவற்றைச் சேர்த்து வைத்தாலும் திருத்தணி மருத்துவமனையின் எண்களோடு நின்றுவிடலாகாது. ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த இரண்டாம், மூன்றாம் வாரங்களிலும், சனவரி நடுப்பகுதியிலும் காட்பாடி, புத்தூர், நகரி, வாலாஜா, வடசென்னை ஆகிய ஊர்களின் காய்ச்சற் பதிவுகளைப் பஞ்சாங்கத்தை அருகில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். யாத்திரிகர் காய்ந்து படுத்த ஊர்கள் அவைதாம்.